ஷோல்வாட்டர் முனையின் கடலரிப்பு

ஷோல்வாட்டர் முனை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வில்லாப்பா விரிகுடா பசிபிக் பெருங்கடலோடு கலக்கும் வாயின் வடகரையில் நீண்டிருந்த மணல் முனை. அதன் பெரும்பகுதி இன்று கடலுக்கடியில் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கரை 3 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 30 மீட்டர் என்பது அமெரிக்க மேற்குக் கரையிலேயே மிகக் கடுமையான அரிப்பு. அங்குள்ள நார்த் கோவ் ஊரின் கடற்கரைக்கு ‘வாஷ்அவே பீச்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இந்த அரிப்பை அலையின் வேலை என்று மட்டும் எண்ணினால் பாதிதான் விளங்கும். வில்லாப்பா ஆழம் குறைந்த விரிகுடா. ஏற்றத்தில் நிறையும் நீரில் ஏறக்குறையப் பாதி, வற்றத்தில் வெளியேறிவிடுகிறது. இத்தனை நீரும் வாய் வழியே பாய்ந்து பாய்ந்து கடலடியில் ஆழமான கால்வாயை அறுத்திருக்கிறது. தெற்கே கொலம்பியா ஆறு கொண்டுவந்த மணலைக் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கித் தள்ளுவதால், வாயின் தென்புறத்தில் மணல் சேர்ந்து திட்டுகள் வளர்ந்தன. அவை நெருக்க நெருக்கக் கால்வாய் வடக்கே ஒதுங்கி, கரையின் அடிவாரத்தைக் குடைந்தது. அடி சரிந்த மணல்மேட்டை மாரிக்காலப் புயலலைகள் உடைத்துச் செல்கின்றன. கடல்மட்டம் வழக்கத்தைவிட உயரும் எல் நினோ குளிர்காலங்களில் சேதம் கூடும். கொலம்பியா ஆற்றின் அணைகளும் கடற்கரைக்கு வரும் மணலைக் குறைத்துவிட்டன.

1858இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் 1940இல் சரிந்தது. உயிர்காப்பு நிலையம், பள்ளி, அஞ்சலகம், மட்டி பதனிடும் ஆலை என ஊரே துண்டு துண்டாகப் போயிற்று. 1977இல் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டி உள்நிலத்துக்கு மாற்ற நேர்ந்தது. புயலுக்குப் பிறகு மேட்டின் வெட்டுமுகத்தில் குடிநீர்க் குழாய்கள் அந்தரத்தில் துருத்தி நிற்கும்; மேலே பாதித் தரை இழந்த வீடு தொங்கிக்கொண்டிருக்கும்.

105ஆம் எண் நெடுஞ்சாலையைக் காக்க 1998இல் பெருங்கற்களால் தூண்டில் வளைவும் நீரடி அணையும் கட்டப்பட்டன. சாலைக்கு அவை அரணாயின. ஆனால் நார்த் கோவ் ஊரில் அரிப்பு தொடர்ந்தது. சாலைக்கு அப்பால் கிரான்பெர்ரி வயல்கள் இருக்கின்றன. உப்புநீர் புகுந்தால் அவை பாழாகும். விரிகுடாவை ஒட்டிய தாழ்நிலத்தில் வாழும் ஷோல்வாட்டர் பே பழங்குடியினரின் நிலத்துக்கும் அதே ஆபத்து உண்டு. அவர்களுக்காக ராணுவப் பொறியாளர் படை மணல்மேட்டு அரண் ஒன்றை எழுப்பியது.

2010களின் பிற்பகுதியில் ஊர்மக்களே முன்னின்று வேறு வழியை நாடினர். சுவராக அடுக்காமல், குவாரியில் உடைத்த கருங்கற்களைக் கரையோரம் தளர்வாகக் கொட்டினர். அலை அவற்றை உருட்டிச் சரிவாகப் பரப்புகிறது. செங்குத்துச் சுவரில் மோதும் அலை திரும்பும்போது அடிமணலை வாரிச் செல்லும்; கற்சரிவிலோ அதன் வேகம் இடுக்குகளில் அடங்கி, மணல் தங்கிவிடுகிறது. சில இடங்களில் கரை உயர்ந்து, புல் முளைத்தது. அரசு கைவிட்ட நிலையில் இருந்த ஊருக்கு இது பெரும் பேறு. ஆனால் கற்கள் புயலில் இடம்பெயர்வதால் அவ்வப்போது புதிதாகக் கொட்ட வேண்டும். நீருக்கடியில் கால்வாய் நகர்வதை அவை தடுப்பதில்லை.