எங்கே நிற்கிறான் என்று கேளுங்கள்

அமெரிக்கக் கால்பந்து ஆடும் என் மகனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்த அன்று அவனுடைய பயிற்சியாளர், "சில பையன்களுக்கு உடம்பே அடிபடுகிற உடம்பு" என்றார். பிட்ஸ்பர்க்கில் இருபது வருடமாக இருக்கிறேன். இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை இரவுகளில் இங்கே பள்ளி மைதானங்களில் விளக்கெரியும், ஊரே அங்கே திரளும். அன்றிலிருந்து இந்த ஆட்டத்தின் பழைய கதையைத் தேடித் தேடிப் படித்தேன். பயிற்சியாளர் சொன்னது தவறு. அடி உடம்பைப் பார்த்து வருவதில்லை, ஆடுபவன் நிற்கும் இடத்தைப் பார்த்தே வருகிறது.

1892-ல் யேல் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஹார்வர்ட் அணி 'பறக்கும் ஆப்பு' என்ற உத்தியை இறக்கியது. இரண்டு கூட்டமாகத் தூரத்திலிருந்து ஓடிவந்து, ஆப்பு வடிவில் ஒன்றுசேர்ந்து, எதிரணியில் ஒரே ஆள்மீது போய் மோதுவார்கள். சீக்கிரமே அதைத் தடை செய்தார்கள். ஆனால் கூட்டமாக முட்டித் தள்ளுவது நிற்கவில்லை. பந்து வைத்திருப்பவனை இழுத்துக்கொண்டு போகவென்றே அவன் கால்சட்டையில் கைப்பிடி தைத்த காலம் அது. மூன்று முயற்சியில் ஐந்து கஜம் போனால் போதும் என்பது விதி. அதற்குக் குவியலாக விழுந்து நசுக்குவதே சுலபமான வழி. 1905-ல் மட்டும் 18 பேருக்குக் குறையாமல் இறந்ததாக அன்றைய கணக்கு. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-ல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது, ஐந்து கஜம் பத்தாயிற்று. சாவு உடனே நின்றுவிடவில்லை. ஆனால் மைதானம் மெல்ல விரிந்தது, அடிபடும் இடமும் மாறியது.

விரிந்த மைதானத்தில் பந்தோடு ஓடுபவன் 'ரன்னிங் பேக்'. சிகாகோ பேர்ஸ் அணியின் கேல் சேயர்ஸ் அப்படி ஓடியவர். 1968 நவம்பரில் திசை திரும்பப் பாதத்தை ஊன்றிய கணத்தில் ஒருவர் அவர்மீது பாய்ந்தார். பாதம் புல்லில் ஊன்றியபடி இருந்தது, உடம்பு வேறு பக்கம் போனது, நடுவில் முழங்கால். வலது கால் ஜவ்வுகள் அறுந்தன. அடுத்த ஆண்டே திரும்பி வந்து 1,032 கஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். 1970-ல் இடது காலும் போனது. 29 வயதில், மொத்தம் 68 ஆட்டங்களோடு முடித்துக்கொண்டார். அவர் உடம்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மகனும் ரன்னிங் பேக்தான்.

கழுத்து முறிவும் உடம்பைப் பொறுத்ததல்ல. அது பெரும்பாலும் அடிவாங்குபவனுக்கு வருவதில்லை, தலை குனிந்து முட்டுபவனுக்கே வரும். கெட்டியான பிளாஸ்டிக் தலைக்கவசம் வந்தபின் தலையையே ஆயுதமாக்கினார்கள். 1976-ல் கல்லூரிகளும் பள்ளிகளும் அதைத் தடை செய்தன. அதன்பின் கழுத்து முறிவும் சாவும் வெகுவாகக் குறைந்தன.

எங்கள் ஊர் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் கதைதான் என்னை உலுக்கியது. முன்வரிசையின் நடுவில் குனிந்து பந்தைக் கொடுக்கும் 'சென்டர்' அவர். எதிராளியின் தலைக்கும் அவர் தலைக்கும் நடுவே பந்தின் நீளம்தான் இடைவெளி. பந்து நகர்ந்த மறுகணமே இரண்டு கவசமும் மோதும், ஒவ்வொரு முறையும். 17 சீசன் ஆடினார், ஆண்டுக்கணக்கில் ஓர் ஆட்டம்கூடத் தவறாமல். இரும்பு மனிதர் என்று ஊரே கொண்டாடியது. 2002-ல் 50 வயதில், நினைவு குலைந்து, வீடுவாசல் இழந்து இறந்தார். அவர் மூளையைச் சோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்பப் பட்ட அடியால் வரும் சிதைவைக் கண்டு 2005-ல் வெளியிட்டார். காயப் பட்டியலில் அதிகம் தென்படாதவருக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய காயம்.

இதற்கு நேர்மாறு, எங்களுக்குப் பக்கத்து ஊரான யங்வுட்டில் பிறந்த ஜார்ஜ் பிளாண்டா கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் பந்தை உதைக்க மட்டும் இறங்கினார். உதைத்து முடித்தவனை இடித்தால் எதிரணிக்குத் தண்டனை உண்டு. 26 சீசன் ஆடி, 48 வயதில் விடைபெற்றார்.

மகனை மறுபடி ஓடச் சொல்லலாம் என்கிறார் மருத்துவர். எந்த இடத்தில் நிறுத்தப்போகிறீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்காமல் இனி அனுப்பமாட்டேன். பிள்ளைகளை இந்த ஆட்டத்துக்கு அனுப்பும் பெற்றோரே, நீங்களும் அதைக் கேளுங்கள்.