குண்டின் வேகத்தை அளந்த ஊசல்

ஒரு கைத்துப்பாக்கியின் குழல்வாயிலிருந்து புறப்படும் குண்டு இருபது மீட்டர் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பாய்ச்சலின் வேகத்தை எப்படி அளப்பது? மின்னணுக் கடிகாரங்கள் உள்ள நம் காலத்தில் இது பெரிய காரியமன்று. ஆனால் மின்சாரக் கருவி எதுவுமே இல்லாத 1742-ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டி ஒருவர் நூல் எழுதினார் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அவர் பயன்படுத்தியவை ஓர் இரும்பு ஊசல், ஒரு மரக்கட்டை, ஒரு நாடா, அவ்வளவுதான்!

அந்த ஊசல் அளந்த அதே அளவுதான், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு விளையாட்டில் யாருக்கு எத்தனை புள்ளி என்பதைத் தீர்மானித்தது. அந்தக் கதையை இங்கே காண்போம். படிக்குமுன் இரண்டு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். பித்தளைக் கூடு, வெடிமருந்து, தீ மூட்டும் பிரைமர், ஈயக் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. அதிலிருந்து பறந்து செல்வது குண்டு மட்டுமே.

ராபின்சின் ஊசல்

பெஞ்சமின் ராபின்ஸ் 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணித அறிஞர். எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் செல்லும் என்று கலிலியோ கூறியிருந்தார். காற்றின் தடை மிகச் சிறியது, அதைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை என்று பீரங்கி வீரர்களும் எண்ணியிருந்தனர். ராபின்சுக்கு இதில் ஐயம் எழுந்தது. ஐயத்தைத் தீர்க்க வேண்டுமானால் குண்டின் வேகம் தெரிய வேண்டும்.

அவர் ஒரு முக்காலியிலிருந்து கனமான இரும்பு ஊசலைத் தொங்கவிட்டார். அதன் அடியில் தடித்த மரக்கட்டையைப் பொருத்தினார். கட்டையில் குண்டு பாய்ந்து புதைந்ததும் ஊசல் பின்னோக்கி வீசும். ஊசலின் அடியில் கட்டிய நாடா அந்த வீச்சின் அளவுக்கு வெளியே இழுபடும். இழுபட்ட நீளத்தை அளந்தால் போதும். குண்டின் வேகத்தைக் கணக்கிட்டு விடலாம்.

எப்படி? ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். 15 கிராம் நிறையுள்ள குண்டு வினாடிக்கு 260 மீட்டர் வேகத்தில் வந்து 10 கிலோகிராம் கட்டையில் புதைகிறது என்று கொள்வோம். குண்டின் உந்தம் 0.015 × 260 = 3.9 அலகு. உந்த அழிவின்மை விதிப்படி, புதைந்த பின்னும் மொத்த உந்தம் அதுவே. எனவே கட்டையும் குண்டும் சேர்ந்து வினாடிக்கு ஏறத்தாழ 39 சென்டிமீட்டர் வேகத்தில் நகரத் தொடங்கும். ஊசலின் நீளம் ஒன்றரை மீட்டரானால் அது சுமார் 15 சென்டிமீட்டர் பின்னுக்குச் செல்லும். காணவே முடியாத வேகம், அளவுகோலால் அளக்கத் தக்க நீளமாக மாறிவிட்டது பாருங்கள்!

ராபின்ஸ் அளந்த குண்டுகளின் வேகம் வினாடிக்கு 1600 அடிக்கு மேலும் இருந்தது. பிறகு ஊசலைத் துப்பாக்கியிலிருந்து தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டு, வழியில் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். அத்தகைய வேகத்தில் காற்றின் தடை குண்டின் எடையைப் போல் ஏறத்தாழ 120 மடங்கு என்று தெரிந்தது. புறக்கணிக்கத் தக்கது என்று எண்ணியிருந்த விசை எடையைவிட நூறு மடங்குக்கும் மேல்! பீரங்கிக் கலையின் பழைய அட்டவணைகள் இதனால் ஆட்டம் கண்டன. 1745-இல் மாபெரும் கணித மேதை ஆய்லர் இந்நூலை விரிவான உரையுடன் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1746-இல் லண்டன் ராயல் சங்கம் ராபின்சுக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

உந்தமா, ஆற்றலா?

இங்கே மாணவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மேற்கண்ட கணக்கில் நாம் ஏன் இயக்க ஆற்றலைப் பயன்படுத்தவில்லை? கணக்கிட்டுப் பாருங்கள். மோதுமுன் குண்டின் இயக்க ஆற்றல் 507 ஜூல். மோதிய பின் கட்டைக்கும் குண்டுக்கும் சேர்ந்து உள்ளது முக்கால் ஜூல்தான். அறுநூறில் ஒரு பங்குகூட இல்லை. மீதி மரத்தைக் கிழிப்பதிலும் வெப்பமாகவும் போய்விட்டது. உந்தமோ சிறிதும் குறையவில்லை.

ராபின்ஸ் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பிய அறிஞர்களிடையே இதைப் பற்றியே பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. இயங்கும் பொருளின் வலிமையை அளக்க நிறையை வேகத்தால் பெருக்க வேண்டும் என்பது டேக்கார்ட் வழி வந்தவர்களின் கட்சி. வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்பது லைப்னிட்ஸ் கட்சி. இரண்டும் வெவ்வேறு அளவுகள், இரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு என்பது இன்று பள்ளி மாணவர்க்கும் தெரியும். ஆயினும் இந்த வாதம் வேறோர் உருவில் மறுபடியும் வரப்போகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

நாடாவிலிருந்து ஒளிக்கு

ராபின்சுக்குப் பின் வுல்விச் இராணுவக் கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த சார்லஸ் ஹட்டன், பீரங்கிக் குண்டுகளைத் தாங்கும் பெரிய ஊசல்களைக் கொண்டு ஆய்வு செய்து, அவரும் 1778-இல் காப்ளி பதக்கம் பெற்றார். 1860-களில் பெல்ஜிய இராணுவ அதிகாரி லெ புலாஞ்சே மின்சாரத்தைத் துணைக்கு அழைத்தார். அவர் கருவியில் குண்டு செல்லும் வழியில் இரண்டு கம்பித் திரைகள் இருக்கும். முதல் கம்பி அறுந்ததும் மின்காந்தம் விடுபட்டு ஒரு நீண்ட தண்டு கீழே விழத் தொடங்கும். இரண்டாவது கம்பி அறுந்ததும் மற்றொரு சிறு தண்டு விழுந்து ஒரு கத்தியைத் தட்டிவிடும். கத்தி விழுந்துகொண்டிருக்கும் நீண்ட தண்டில் கீறும். கீறலின் இடம் நேரத்தைச் சொல்லிவிடும். புவியீர்ப்பையே கடிகாரமாக்கிய நல்ல யுக்தி!

இருபதாம் நூற்றாண்டில் கம்பித் திரைகளுக்குப் பதில் ஒளி உணரும் செல்கள் வந்தன. குண்டின் நிழல் முதல் செல்லைக் கடக்கும்போது மின்னணுக் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதைக் கடக்கும்போது நிற்கும். குரோனோகிராப் எனப்படும் இக்கருவி, ஆய்வுக்கூடத்தை விட்டுச் சாதாரண துப்பாக்கி விளையாட்டு வீரரின் கைக்கும் வந்து சேர்ந்தது.

விளையாட்டில் ஒரு சிக்கல்

பழைய பாணிக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வீரர் ஓரிடத்தில் நின்று, ஒரு கையை நீட்டி, நிதானமாகக் குறி பார்த்துச் சுடுவார். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜெப் கூப்பர் என்ற முன்னாள் கடற்படைத் தரைப்படை அதிகாரியும் அவர் நண்பர்களும் வேறு வகைப் போட்டியைத் தொடங்கினர. உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, இடம் மாறி, பல இலக்குகளை விரைந்து சுட வேண்டும். 1976 மே மாதத்தில் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் இதற்கெனப் பன்னாட்டு அமைப்பு ஒன்று உருவாயிற்று. கூப்பர் அதன் முதல் தலைவரானார். துல்லியம், வலிமை, வேகம் ஆகிய மூன்றும் சமமாக மதிக்கப்பட வேண்டும் என்பது அதன் கொள்கை.

துல்லியத்தை இலக்கில் உள்ள துளை சொல்லும். வேகத்தை நிறுத்துகடிகாரம் சொல்லும். வலிமையை எது சொல்லும்? வலிமைக்கு மதிப்பில்லையென்றால் எல்லோரும் உதைப்புக் குறைந்த மென்மையான தோட்டாவையே பயன்படுத்துவர். வலிய தோட்டாவைச் சுடுபவர் பின்தங்கிவிடுவார். எனவே வலிமைக்கு ஓர் எண் தேவைப்பட்டது. அதுவே 'பவர் பாக்டர்'. குண்டின் நிறையைக் கிரெயின் அளவிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, 1000-ஆல் வகுக்க வேண்டும். (7000 கிரெயின் ஒரு பவுண்டு, ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்.) பெயரில் 'பவர்' இருந்தாலும் இது இயற்பியலில் வரும் திறனன்று, ஆற்றலுமன்று. நிறை × வேகம். அதாவது சாட்சாத் உந்தமே!

ஏன் உந்தம்? இதோ இரண்டு தோட்டாக்கள். முதலாவது .45 அளவு: 230 கிரெயின் குண்டு, வேகம் 850 அடி. இரண்டாவது 9 மில்லிமீட்டர்: 115 கிரெயின் குண்டு, வேகம் 1200 அடி. இரண்டுக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே, 500 ஜூல். ஆனால் பவர் பாக்டர் முதலாவதற்கு 195.5, இரண்டாவதற்கு 138. ஆற்றலை அளவாகக் கொண்டால் இரண்டும் சமம். உந்தத்தைக் கொண்டால் இரண்டாவது பத்தில் ஏழு பங்குதான். கனமான குண்டையே பெரிதும் மதித்த கூப்பரின் குழுவினர் உந்தத்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை. டேக்கார்ட் கட்சியும் லைப்னிட்ஸ் கட்சியும் மீண்டும் களத்தில் நின்றதைப் பார்த்தீர்களா!

தொடக்க காலப் போட்டிகளில் இந்த அளவை எடுக்க என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? ராபின்சின் ஊசலேதான்! தகட்டில் குண்டு பட்டு ஊசல் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பார்த்தார்கள். ஊசல் நேரடியாகக் காட்டுவது உந்தத்தை என்பதால் இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. பின்னர் அதன் இடத்தைக் குரோனோகிராப்பும் தராசும் பிடித்துக்கொண்டன.

கோட்டுக்கு அருகில்

அக்காலத்தில் 175-ஐ எட்டினால் 'மேஜர்' வகுப்பு, எட்டாவிட்டால் 'மைனர்'. இலக்கின் நடுப்பகுதிக்கு இரண்டு வகுப்புக்கும் 5 புள்ளி. விளிம்புப் பகுதிகளில் மேஜருக்கு 4, 2. மைனருக்கு 3, 1. மொத்தப் புள்ளியை நேரத்தால் வகுப்பர். ஆகவே வீரரின் கவலை இதுதான்: 175-ஐத் தாண்ட வேண்டும், ஆனால் அதற்கு மேல் உள்ள ஒவ்வோர் அலகும் வீண் உதைப்பு. உதைப்பு மிகுந்தால் குழல் மேலெழும். அடுத்த குறிக்கு நேரம் பிடிக்கும்.

230 கிரெயின் குண்டு 175-ஐ எட்ட 761 அடி வேகமே போதும். ஆலையில் செய்த தோட்டா 850 அடி தருகிறது. எனவே வீரர்கள் தோட்டாவைத் தாமே தயாரிக்கலாயினர். சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, விரிந்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பதிப்பது இக்கலை. கூடு பல முறை பயன்படுவதால் செலவும் குறைவு.

ஆனால் கோட்டை ஒட்டி நிற்பது ஆபத்து. போட்டியில் நடுவர்கள் வீரரிடமிருந்து சில தோட்டாக்களை வாங்கி, ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுத்து, மற்றவற்றைச் சுட்டுச் சராசரி வேகம் காண்பார்கள். மேஜர் என்று சொன்னவர் எட்டாவிட்டால் மைனராகவே மதிப்பிடப்படுவார். 230 கிரெயின் குண்டில் 10 அடி வேகக் குறைவு 2.3 அலகைத் தின்றுவிடும். குளிரில் மருந்து மெதுவாக எரிந்தாலே இந்த வேறுபாடு வரலாம். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் குறைவாகச் சிதறும்படி செய்பவரே கோட்டுக்கு அருகில் துணிந்து நிற்க முடியும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பல அளவீடுகளின் சராசரியும் விலக்கமும் காண்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் உண்டா?

அளக்காமல் விட்டது

இனி ஒரு வேடிக்கை. 1980-களின் தொடக்கத்தில் ராப் லெதம், பிரையன் ஈனோஸ் என்ற இரு வீரர்கள் .38 சூப்பர் என்ற பழைய தோட்டாவைக் கையிலெடுத்தனர். இலேசான குண்டு, உதாரணமாக 115 கிரெயின் குண்டு 175-ஐ எட்ட 1522 அடி வேகம் வேண்டும். இதற்கு மிகுந்த மருந்தும் மிகுந்த அழுத்தமும் தேவை. பின் ஏன் இந்தத் தொல்லை?

துப்பாக்கியின் பின்னியக்கத்துக்குக் குண்டு மட்டும் காரணமன்று. சீறி வெளியேறும் வாயுவும் காரணம். விதி குண்டின் உந்தத்தை மட்டுமே அளந்தது. கை உணர்வதோ இரண்டின் கூட்டுத்தொகையை! குழல்வாயில் துளைகள் உள்ள காம்பென்சேட்டர் என்ற சிறு உறுப்பைப் பொருத்தினால், வாயு மேல்நோக்கிப் பாயும். அதன் எதிர்வினை குழலைக் கீழே அழுத்தும். உள் தடுப்புகளில் மோதும் வாயு துப்பாக்கியை முன்னோக்கியும் இழுக்கும். மருந்து மிகுந்தால் வாயு மிகும். வாயு மிகுந்தால் காம்பென்சேட்டர் நன்கு வேலை செய்யும். நியூட்டனின் மூன்றாம் விதியைக் கொண்டே விதியை வென்றார்கள்!

விலையும் இருந்தது. தோட்டாக்கூட்டின் அடிப்பகுதியில் குழல் முழுமையாகத் தாங்காத இடம் உண்டு. மிகை அழுத்தத்தில் அங்கே பித்தளை கிழிந்து கொதிவாயு சுடுபவர் மீது பீறிடக்கூடும். அவ்விடத்தையும் தாங்கும் குழல்கள் பின்னர் செய்யப்பட்டன. 175 என்ற எல்லையும் தாழ்த்தப்பட்டது. அமெரிக்கச் சங்கத்தில் 165 ஆகவும், பன்னாட்டு அமைப்பில் பிரிவுக்கேற்ப 170, 160 ஆகவும் ஆயிற்று. (நம் நாட்டில் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிமமின்றிச் செய்வது குற்றம்; ஆபத்தும்கூட.)

எந்த அளவை எடுக்கிறோம் என்பதே மனிதர் எதைச் செய்வர் என்பதைத் தீர்மானிக்கிறது. உந்தத்தை அளந்ததால் .45 வந்தது, வாயுவை அளக்காததால்.38 சூப்பர் வந்தது. அளவுகோலைத் தேர்வதும் அறிவியலில் ஒரு பாதி வேலை.

ராபின்ஸ் பிறகு என்ன ஆனார்? கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1749-இல் நியமனம் பெற்று, கோட்டைகளைச் செப்பனிடச் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்தார். இங்கே காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29-ஆம் நாள் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். வயது 44. உங்கள் இயற்பியல் புத்தகத்தில் மரக்கட்டையில் குண்டு பாயும் கணக்கு வரும்போது, அதை முதலில் போட்டவர் நம் கடற்கரையில் கண்மூடினார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.