சரவாங்கி ஏன் பெண்களையே தேடி வருகிறது? ஒரு நூற்றாண்டுக் கேள்வியின் கதை

காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. குடம் தூக்க முடியாது, துணி பிழிய முடியாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. டாக்டர்கள் முடக்குவாதம் என்று எழுதுவதை எங்கள் திண்டுக்கல் பக்கம் பெரியவர்கள் 'சரவாங்கி' என்பார்கள். உங்கள் தெருவில் இது யாருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் அத்தை, சித்தி, பாட்டி என்றுதான் வரும்.

ஏன் என்று கேட்டால் பதில்களுக்குப் பஞ்சமில்லை. "பிள்ளை பெத்தப்ப பத்தியம் ஒழுங்கா இருக்கல", "எந்நேரமும் தண்ணியிலயே நின்னா வராம என்ன செய்யும்?" இன்னும் சிலர் "எல்லாம் வேலைக்குச் சோம்பல்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இந்தக் கடைசிப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. நான் படிப்பது பி.காம்., மருத்துவம் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் பதில் தேடிய வரலாறு ஒரு துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது. படிக்கப் பெரிய உயிரியல் அறிவு வேண்டாம்.

உடம்பே உடம்பை அடிக்குமா?

நம் உடலின் நோய் எதிர்ப்புப் படை வெளியிலிருந்து வரும் கிருமியை விட்டுவிட்டுச் சொந்த உடம்பையே தாக்குவதைத்தான் 'தன்னுடல் தாக்கு நோய்' என்கிறார்கள். முடக்குவாதத்தில் அடி வாங்குவது மூட்டு. ஹாஷிமோட்டோ நோயில் தைராய்டு. லூபஸில் தோல், மூட்டு, சிறுநீரகம் என்று எதுவும் தப்பாது.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் பால் எர்லிக் ஆடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். வேறு ஆட்டின் ரத்தத்தைச் செலுத்தினால் எதிர்ப்புப் பொருள் உண்டானது. தன் சொந்த ரத்த அணுக்களுக்கு எதிராக மட்டும் எந்த ஆடும் அதை உண்டாக்கவில்லை. உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்ள இயற்கை விடாது என்று அவர் முடிவு கட்டினார். 1908-ல் நோபல் பரிசு வாங்கிய மனிதர் சொன்னால் யார் மறுப்பார்கள்? எதிர்ச் சான்றுகள் அவ்வப்போது வந்தும் அந்தக் கருத்து அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது.

இதற்கு நடுவே 1912-ல் ஜப்பானில் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் டாக்டர் வீங்கிய தைராய்டு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் இருந்தது 4 நோயாளிகள், நால்வருமே பெண்கள்! துப்பு அங்கேயே கிடந்தது, எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 1956-ல் நோயல் ரோஸும் எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயல்களுக்கு முயல் தைராய்டையே ஊசியில் செலுத்தி, அவை தம் சொந்தத் தைராய்டையே தாக்குவதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் லண்டனில் டெபோரா டோனியாக் குழுவினர் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் அப்படிப்பட்ட எதிர்ப்புப் பொருளைக் கண்டார்கள். எர்லிக்கின் விதி உடைந்தது.

முதல் சந்தேகம்: ஹார்மோன்

ஆட்டோஇம்யூன் நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள் என்பது பொதுவான கணக்கு. லூபஸில் ஒரு ஆணுக்கு ஏறக்குறைய 9 பெண்கள், முடக்குவாதத்தில் 2 அல்லது 3 பெண்கள். இயல்பாகவே முதல் சந்தேகம் பெண் ஹார்மோன்கள் மேல் விழுந்தது.

அதில் உண்மையும் இருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்பவர் முடக்குவாதம் உள்ள பெண்கள் கர்ப்பமானால் வலி குறைவதைக் கவனித்தார். மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் அப்படியே. உடம்பிலேயே ஏதோ மருந்து சுரக்கிறது என்று தேடிப் போனவர் 1948-ல் கார்ட்டிசோனை முதல் நோயாளிக்குக் கொடுத்தார். 1950-ல் நோபல் பரிசு. இன்று மருந்துக்கடையில் 'ஸ்டீராய்டு' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் குடும்பத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் ஹார்மோன் மட்டுமே காரணம் என்றால் வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் லூபஸ் ஏன் ஆண்களைவிட அதிகமாக வருகிறது? கணக்கு டேலி ஆகவில்லை.

பூனை காட்டிய புள்ளி

அடுத்த துப்பு சம்பந்தமே இல்லாத இடத்தில் கிடைத்தது. 1949-ல் கனடாவில் முர்ரே பார், இவார்ட் பெர்ட்ராம் என்ற இருவர் பூனைகளின் நரம்பு செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பெண் பூனையின் செல்லில் ஒரு கரும்புள்ளி, ஆண் பூனையில் அது இல்லை. அந்தப் புள்ளி, சுருட்டி வைக்கப்பட்ட ஒரு எக்ஸ் குரோமோசோம் என்று பிறகு தெரிந்தது. 1961-ல் இங்கிலாந்தின் மேரி லயன் விளக்கம் சொன்னார்: பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். இரண்டு எக்ஸும் வேலை செய்தால் எல்லாம் இரட்டிப்பாகும் என்பதால் பெண்ணின் ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸை மூடிவிடுகிறது.

நம் காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஒரே கடைக்கு இரண்டு பேரேடு. ஒன்றில் மட்டும் பதிவு போடுவது, மற்றதைக் கட்டிப் பரண்மேல் வைப்பது. ஏற்பாடு சரிதான். ஆனால் கட்டி வைத்த பேரேட்டிலும் சில பக்கங்களில் யாரோ பதிவு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்! மூடிய எக்ஸில் உள்ள ஜீன்களில் சுமார் 15 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ மூடலுக்குத் தப்பி வேலை செய்கின்றன. நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள சில ஜீன்களும் அதில் அடக்கம்.

213 ஆண்கள்

தவறு ஹார்மோனிடமா, எக்ஸிடமா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. சில ஆண்கள் இரண்டு எக்ஸ், ஒரு ஒய்யுடன் பிறக்கிறார்கள். இதற்கு க்ளைன்ஃபெல்டர் என்று பேர். அவர்கள் ஆண்கள்தான், ஆனால் எக்ஸ் இரண்டு. 2008-ல் அமெரிக்காவில் ஹால் ஸ்கோஃபீல்ட் குழு, லூபஸ் உள்ள 213 ஆண்களைப் பரிசோதித்தது. 5 பேருக்கு இரண்டு எக்ஸ் இருந்தது. பொதுவாக ஆண்களில் சுமார் 500 பேருக்கு ஒருவருக்குத்தான் அப்படி இருக்கும். இரண்டு எக்ஸ் உள்ள ஆணுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைப் போல 14 மடங்கு, கிட்டத்தட்ட பெண்களின் அளவுக்கு, என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அதற்குப் பிறகு கதை வேகம் பிடித்தது. 2018-ல் பிரான்சில் டிஎல்ஆர்7 என்ற எதிர்ப்பு ஜீன் பெண்களின் சில செல்களில் இரண்டு எக்ஸிலிருந்தும் வேலை செய்வதைக் காட்டினார்கள். 2022-ல் அதே ஜீனில் வந்த ஒரே ஒரு மாற்றம் லூபஸை உண்டாக்கும் என்று கரோலா வினுவேசா குழு நிரூபித்தது. 2024-ல் ஹோவர்ட் சாங் குழு இன்னும் ஒரு படி போனது. எக்ஸை மூடும் 'பூட்டு' இருக்கிறதே, எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ., அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் புரதங்களே எதிர்ப்புப் படையை உசுப்பிவிடலாம் என்றார்கள். நோய்க்கு ஆளாகக்கூடிய வகை ஆண் எலிகளில் அந்தப் பூட்டை உண்டாக்கியபோது லூபஸ் போன்ற நோய் தலைகாட்டியது. (பூட்டு ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகுமா!)

எக்ஸுக்கு வெளியிலும் வித்தியாசம் உண்டு. 6-ஆம் குரோமோசோமில் உள்ள சி4 ஜீன் லூபஸிலிருந்து காக்கிறது, அந்தப் பாதுகாப்பு ஆண்களிடம் அதிகம் என்று 2020-ல் ஹார்வர்டு ஆய்வு ஒன்று காட்டியது. இத்தனையும் லூபஸுக்குத்தான் தெளிவாகப் பொருந்துகிறது. முடக்குவாதத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக முடியவில்லை.

தலைகீழ் அநியாயம்

முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் ஆண்களுக்கே அதிகம். ஒரு காலத்தில் 10 ஆணுக்கு 1 பெண் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. இன்றைய கணக்கு 2 அல்லது 3-க்கு 1 தான். "இது ஆம்பளை நோய்" என்ற நினைப்பிலேயே பெண்களின் முதுகுவலியை ஆண்டுக்கணக்கில் வேறு எதுவோ என்று எழுதினார்கள். பெண்கள் நோயிலும் பெண்ணை நம்பவில்லை, ஆண்கள் நோயிலும் பெண்ணை நம்பவில்லை. லூபஸ் வந்த ஆணுக்கும் இதே கதிதான், அவருக்கு அந்த நோய் இருக்கும் என்றே யாருக்கும் தோன்றாது.

நம் பக்கம்

இந்தியாவில் ஏ.என். மாலவியா குழு டெல்லி அருகே பல்லப்கர் கிராமங்களில் 44,000-க்கும் அதிகமான பெரியவர்களைக் கணக்கெடுத்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில் முடக்குவாதம் 0.75 சதவீதம். பார்க்கச் சின்ன எண். 1000 பேர் உள்ள ஊரில் 7, 8 பேர் என்று வைத்தால் சின்னதாகத் தெரியாது.

திண்டுக்கல்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று மலேசியாவில் நடந்தது. 2016-ல் வெளிவந்த அதன்படி, நூல், துணித் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு முடக்குவாத வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு. எச்.எல்.ஏ. என்ற ஜீனில் குறிப்பிட்ட வகை உள்ளவர்களுக்கு இன்னும் பல மடங்கு. அதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். ஜீன் தோட்டா என்றால் விசையை அழுத்துவது சுற்றுப்புறம். தோட்டாவை மாற்ற முடியாது, பஞ்சுத் தூசியைக் குறைக்க முடியும்.

முடக்குவாதத்துக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் மூட்டு அரித்துப் போவதற்கு முன்பே தொடங்க வேண்டும். சோம்பல் என்று சொல்லித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் திரும்பி வராத மாதம். ஆகவே நண்பர்களே, காலையில் அரை மணி, ஒரு மணி நேரம் விரல் மடங்கவில்லை என்று வீட்டில் யாராவது ஆறு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், தைலம் வாங்கிக் கொடுத்ததோடு நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.