ஜக்கம்மாவும் நாடு கடந்தவர்களும்

அந்நிய தேசத்தில் கொண்டாடப்படும் பண்டிகையை நாம் சற்று இளக்காரமாகத்தான் பார்த்து வருகிறோம். லண்டனில் மின்சார அடுப்பில் பொங்கும் பொங்கல் நமக்கு வெறும் பாவனையாகத் தெரிகிறது. பண்டிகை மண்ணில் முளைப்பது, பெயர்த்து நட்டால் பட்டுப்போகும் என்ற அனுமானம் இதன் அடியில் இருக்கிறது. இதைச் சரித்திரத்தில் வைத்துப் பரிசோதிக்கப் பாஞ்சாலங்குறிச்சி தோதான இடம்.

கட்டபொம்மனின் குலத்தாரான ராஜகம்பளத்து நாயக்கர்களின் வீட்டு மொழி தெலுங்கு. விஜயநகர ஆட்சி தெற்கே பரவிய காலத்தை ஒட்டி வந்து கரிசலில் குடியேறியவர்கள். ஜக்கம்மா அவர்களுடைய தெய்வம். உறுமியின் தாளத்துக்கு ஆடும் தேவராட்டமும் அவர்களுடையதே. மண்வாசனை என்று நாம் மெச்சுகிற பலவும் இப்படி வேறு மண்ணிலிருந்து வந்து சேர்ந்தவைதாம். 1976இல் வெளிவந்த கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' இதே கரிசலுக்குத் தெலுங்கு தேசத்திலிருந்து வந்த இன்னொரு கூட்டத்தாரின் கதை.

கும்பினியார் 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 மே மாதம் கோட்டையை மீண்டும் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கு நிற்பது 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. மே மாதக் கோயில் விழாவுக்குப் பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் ஜோதி ஏந்தி ஓடிவருவது அந்தச் சுவர்களுக்காக அல்ல, ஜக்கம்மாவுக்காக.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களில் 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சிவகங்கைச் சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களில் ஒருவன், அப்போது சிறுவன். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்ற வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி 1818இல் பினாங்கு போனபோது, எதிரில் வந்து நின்ற தளர்ந்த கிழவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகே துரைசாமி என்று புரிந்ததாக 1830இல் வெளியிட்ட நூலில் எழுதுகிறார். துரைசாமிக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. பினாங்கில் அன்றே தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். பொங்கலுக்கு அரிசி கிடைக்காத ஊரல்ல. உறவையெல்லாம் பறிகொடுத்தவனுக்கு நாள் கிழமை ஏது?

பின்னாளில் திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்தும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் போனார்கள். கங்காணியின் பின்னால் உறவும் சாதியுமாகக் கூட்டமாய்ப் போனார்கள். ஆகவே தோட்டங்களில் காமன் கூத்து நடந்தது, அருச்சுனன் தபசு நடந்தது. உறவோடு சாதியும் கப்பலேறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது, கூத்து நிற்கவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 'தாயகம் திரும்பியவர்'களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். லயத்து அக்கம்பக்கம் சிதறிப் போன அவர்களுக்குச் சொந்த மண் என்று சொல்லப்பட்ட இடத்தில்தான் பண்டிகை அந்நியமாகியிருக்கும்.

லண்டன் பொங்கலைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி பானையையும் அடுப்பையும் குறித்ததல்ல. வழக்கமாய் வருகிற ஒருவர் வராவிட்டால், ஏன் காணோம் என்று விசாரிக்க அங்கே ஆளிருக்கிறதா என்பதுதான்.