துரையைக் கண்டால் இறங்கு!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில், தெலுக் பங்லிமா காராங் பக்கம் சற்று நின்று பாருங்கள். காரின் பின்னால் மாட்டிக்கொண்டு வந்த சைக்கிள்களை இறக்கி, டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்து, தண்ணீர்ப் புட்டியைச் செருகிக்கொண்டு ஒரு கூட்டம் புறப்படும். வங்கி அதிகாரி இருப்பார், டாக்டர் இருப்பார், கல்லூரி மாணவர் இருப்பார். லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரி தீவு. அப்புறம் செம்பனை, செம்பனை, செம்பனைதான்!

தோட்டத்து மண் சாலைகள், கடல்நீரைத் தடுக்கும் கரைகள், சுங்கை பும்புன் கிராமத்தில் மரமுகமூடி செதுக்கும் மா மெரி பூர்வகுடி மக்கள் என்று பார்ப்பதற்கு நிறையவே உண்டு. ஏற்றம் வேண்டும் என்பவர்களுக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஜுக்ரா மலை இருக்கிறது. சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் அரசாண்ட ஊர் அது. 1898-ல் மறைந்த அவருடைய சமாதியும் அங்கேதான்.

மலைச் சைக்கிள் என்ற விளையாட்டு 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தது. தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைச்சரிவில் உருட்டிவிட்ட இளைஞர்கள் தொடங்கி வைத்தது, 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. விளையாட்டாக அதன் வரலாறு சரிதான். ஆனால் சேற்றிலும் செம்மண்ணிலும் சைக்கிள் மிதிப்பது கிள்ளான் வட்டாரத் தமிழனுக்குப் புதிதா என்ன? அவன் அதை விளையாட்டாகச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சாலைகள் எப்படி வந்தன? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் இங்கே நிலம் பெற்றார். தீவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே அங்கே வாழ்ந்த மா மெரி மக்களின் பெயர் வரைபடத்தில் ஏறவில்லை. தாழ்வான களிமண் பூமி. கடல் பொங்கினால் உள்ளே வரும். கரை போட்டு, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்தால்தான் ஒரு கன்று நிற்கும். சிலாங்கூர்க் கடலோரத் தோட்டங்களில் இந்த மண்வேலை செய்தவர்கள் தமிழர் மட்டுமே என்று சொன்னால் அது நியாயமாகாது. ஜாவாக்காரர்களும் சீனர்களும் உண்டு. ஆனால் அந்தத் தோட்டங்களின் லயங்களில் குடியிருந்து, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பகுதி நம்மவர்களே.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்துக்காரரான டன்லப் 1888-ல் காற்றடைத்த டயருக்கு உரிமம் வாங்கினார். அது முதலில் ஓடியது சைக்கிளில்தான். சைக்கிள் மோகம் உலகைப் பிடித்தது. பின்னாலேயே மோட்டார் காரும் வந்தது. ரப்பருக்குத் தேவை ஏறியது. அதே காலத்தில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி என்பவர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வழியைக் கண்டறிந்து, ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களை நச்சரித்துக்கொண்டிருந்தார். நட்டார்கள். மரம் சீவ ஆள் வேண்டுமே? கங்காணி கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போனார். ஆக, சைக்கிள் டயர் உருளத் தொடங்கியதும் நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்த காரணங்களில் ஒன்று!

அப்படி வந்தவன் மிச்சம் பிடித்து ஒரு சைக்கிள் வாங்கினான். வாங்கியவன் அதில் நிம்மதியாகப் போக முடிந்ததா? முடியவில்லை. எதிரே துரை வந்தால் இறங்க வேண்டும். துரை மட்டுமல்ல, கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். தான் சீவிய பாலில் செய்த டயராகவே இருந்தாலும், அதன்மேல் உட்கார்ந்தபடி மேலதிகாரியைக் கடந்து போவது மரியாதைக் குறைவாம்.

இது யாரோ கட்டிவிட்ட கதையல்ல. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் 12 கோரிக்கைகள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடை மூடல், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிப்பு, பேசவும் கூடவும் சுதந்திரம், சங்கம் அமைக்க அனுமதி... இவற்றின் நடுவே, துரைமார் முன்னும் தோட்டச் சிப்பந்திகள் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்று ஒரு வரி.

கூலி உயர்வோடு இதை ஏன் சேர்த்தார்கள்? பட்டியலில் இன்னொரு கோரிக்கையையும் பார்த்தால் விளங்கும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்பது அது. அன்றைய தோட்டம் ஒரு மூடிய உலகம். கடை உள்ளே, கோயில் உள்ளே, பள்ளிக்கூடம் உள்ளே, கள்ளுக்கடையும் உள்ளே. யார் வருகிறார், யார் போகிறார் என்பது துரைக்குத் தெரிந்தாக வேண்டும். சைக்கிள் வைத்திருப்பவனோ வேலை முடிந்ததும் கிள்ளான் பட்டணத்துக்குப் போகலாம், பக்கத்துத் தோட்டத்துச் சொந்தத்தைப் பார்க்கலாம், பத்திரிகை வாங்கி வரலாம், கூட்டத்துக்கும் போகலாம். அப்படிப்பட்டவனை நடுவழியில் இறங்கச் சொல்வதில் வெறும் மரியாதை மட்டும்தான் இருந்ததா? சற்று எண்ணிப் பாருங்கள்.

போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளரைத் திரட்டினார். 1941 மார்ச்சில் மூண்ட வேலைநிறுத்தம் ஓரளவு கூலி உயர்வோடு தணிந்தது. ஆனால் மே 5-ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டதும் மறுபடி வெடித்தது. கிள்ளானைத் தாண்டி சிலாங்கூரின் மற்ற மாவட்டங்களுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

வேலைநிறுத்தம் அடக்கப்பட்டு ஏழே மாதம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். அவர்கள் எதில் வந்தார்கள் தெரியுமா? சைக்கிளில்! ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் நெடுஞ்சாலையிலும் தோட்டச் சாலையிலும் மிதித்துக்கொண்டே தெற்கே இறங்கினார்கள். வெயிலில் டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று மிரண்டவர்களும் உண்டு. 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் விழுந்தது, பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் சரணடைந்தது. நேற்றுவரை சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன துரைமார்கள் சிங்கப்பூரை நோக்கி ஓடினார்கள். இதைக் கண்டு மகிழ நம்மவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. சயாம் மரண ரயில்பாதை அவர்களுக்காகக் காத்திருந்தது. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

போருக்குப் பின் வெள்ளைக்காரர் வந்தார், தொழிற்சங்கமும் வந்தது. 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கேரியரில் பால் வாளியும், முன் கம்பியில் பிள்ளையும், பின்னால் மனைவியுமாக ஒரே சைக்கிளில் குடும்பமே போன காலம் அது. பிறகு கப்சாய் மோட்டார் சைக்கிள் அந்த இடத்தைப் பிடித்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். 1917-லேயே கோல சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிய செம்பனை, கேரி தீவு முழுவதையும் மூடியது. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள். இன்று அந்தக் காடுகளில் குலை அறுப்பவர்களில் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும்.

கோலாலம்பூரின் புக்கிட் கியாராவுக்கும் இதே கதைதான். மலைச் சைக்கிள் ஓட்டிகளுக்கு அது செல்லமான இடம். பாதை வளைந்து நெளிந்து செல்வது பழைய பால்மரங்களுக்கு இடையே. அந்தத் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஓரத்துத் தற்காலிக நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் எழுப்பும் திட்டத்துக்குத் தரப்பட்ட அனுமதி ரத்தானதைக் கூட்டரசு நீதிமன்றம் 2023-ல் உறுதி செய்தது. பசுமை பிழைத்ததில் வட்டார மக்களுக்கு மகிழ்ச்சி. அது நியாயமான மகிழ்ச்சியே. ஆனால் அதே திட்டத்தில்தான் அந்தத் தோட்டத்து மக்களுக்கான வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. 40 ஆண்டுகளாகத் தற்காலிகத்தில் இருந்தவர்கள் தீர்ப்பு வந்த நாளிலும் அங்கேயே இருந்தார்கள்.

கேரி தீவிலும் காலம் சும்மா இருக்கவில்லை. கோல்டன் ஹோப் 2007-ல் சைம் டார்பியோடு இணைந்தது. அதன் தோட்டப் பிரிவு 2024-ல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாறியது. தீவில் பெரிய துறைமுகம் கட்டும் பேச்சு 2017-லேயே எழுந்து, அடங்கி, மீண்டும் எழுந்திருக்கிறது. அது வந்தால் கரைகளும் சாலைகளும் எப்படி மாறும் என்பது திட்டம் போடுபவர்கள் கையில். ஆகவே ஓட்ட நினைப்பவர்கள் ஓட்டிவிடுங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள், தோட்டம் தனியார் நிலம் என்பதால் காவல் சாவடியில் கேட்டுவிட்டுப் போங்கள், குலை ஏற்றி வரும் டிராக்டருக்கு வழி விடுங்கள். பேரப்பிள்ளை கூட வந்தால், இந்தச் சாலையில் ஒரு காலத்தில் யாரைக் கண்டால் இறங்க வேண்டியிருந்தது என்பதை ஓட்டிக்கொண்டே சொல்லலாம்.