வாளும் முத்திரையும் ஏந்திய கல்வியாளர்

முன்னுரை

படைத்தலைவர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர் வென்ற களங்களையும் கைக்கொண்ட கோட்டைகளையும் வரிசைப்படுத்துவது வழக்கம். ஆனால் நானூறு ஆண்டுகள் கழித்து, அந்தக் களங்களுள் எவை மக்கள் நினைவில் நிற்கின்றன? வென்ற நாடுகள் கைமாறிப் போகின்றன. வரைந்த எல்லைகள் அழிந்து போகின்றன. போலந்து நாட்டின் பெரும் படைத்தலைவராகவும் தலைமை அமைச்சராகவும் ஒரே காலத்தில் விளங்கிய யான் சமோய்ஸ்கியின் வாழ்க்கை இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது. அவர் வாளால் ஈட்டியவற்றுள் பெரும்பகுதி மறைந்துவிட்டது. கல்வியின்மீது கொண்ட நம்பிக்கையால் அவர் நிறுவியது இன்றும் நிற்கின்றது. ஆசிரியப் பணியில் ஈடுபட்டோரும் மாணவரும் அறிந்து கொள்ளத்தக்க வாழ்க்கை அவருடையது.

இளமையும் கல்வியும்

இன்றைய கிழக்குப் போலந்தில் உள்ள ஸ்கோகுவ்கா என்னும் சிற்றூரில் 1542 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19 ஆம் நாள் சமோய்ஸ்கி பிறந்தார். அவருடைய குடும்பம் உயர்குடியைச் சேர்ந்ததே ஆயினும், நாட்டின் முதல்வரிசைப் பிரபுக்களுள் வைத்து எண்ணத்தக்கதன்று; நடுத்தர நிலையில் இருந்த குடும்பம் எனலாம். தந்தையார் ஸ்தனிஸ்லாவ், சீர்திருத்தக் கிறித்துவத்தைத் தழுவியவர். மகனோ பின்னாளில் கத்தோலிக்கராக மாறினார்.

அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் மறுமலர்ச்சிக் கல்வி பரவி நின்றது. பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கற்றுத் தெளிந்தவனே நாட்டை ஆளத் தகுதியுடையவன் என்னும் எண்ணம் வலுப்பெற்றிருந்தது. தந்தையார் அவரைப் பிரெஞ்சு நாட்டிற்கு அனுப்பினார். பாரிசிலும் ஸ்ட்ராஸ்பூர்கிலும் பயின்றபின், 1561 இல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

பதுவாவில் மாணவர்களே தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மரபு இருந்தது. 1563 இல் சட்டத்துறை மாணவர்கள் இந்தப் போலந்து இளைஞரைத் தம் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அதே ஆண்டில் பழைய உரோமாபுரியின் ஆட்சிமன்றத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் அவர் எழுதிய நூல் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. மன்னனின் விருப்பத்தைவிடச் சட்டத்தை உயர்வாக மதித்த ஒரு குடியரசைப் பற்றிய அந்த ஆய்வு, அவருடைய பிற்கால அரசியலுக்கு வித்தாயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

ஏட்டுச் சுவடிகளிடையே

1565 இல் தாயகம் திரும்பிய இளைஞருக்கு மன்னர் சிகிஸ்மண்டு அகஸ்து தம் அரசவை அலுவலகத்தில் பணி அளித்தார். கிராக்கோவ் நகரில் குவிந்து கிடந்த அரசு ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. உடன்படிக்கைகள், பட்டயங்கள், உரிமைச் சாசனங்கள், நிலக்கொடைப் பத்திரங்கள் ஆகிய அனைத்தையும் ஒவ்வொன்றாகப் படித்து வகைப்படுத்தினார்.

புழுதி படிந்த சுவடிகளிடையே கழிந்த காலத்தை வீண் என்று பிறர் கருதியிருக்கலாம். ஆனால், நாட்டில் எந்த உரிமை எவருக்கு எப்போது வழங்கப்பட்டது என்பதை அவரளவு அறிந்தவர் மிகச் சிலரே என்னும் நிலை அதனால் உருவாயிற்று. பிற்காலத்தில் அவையில் எழுந்து வாதிட்டபோதெல்லாம் அவருக்குத் துணைநின்றது இந்த அறிவே ஆகும்.

மன்னரைத் தேர்ந்தெடுத்த குடிகள்

1572 இல் மன்னர் சிகிஸ்மண்டு அகஸ்து வாரிசின்றி மறைந்தார். இரு நூற்றாண்டுக் காலம் ஆண்ட யாகியெல்லோ மரபு அவரோடு முடிவுற்றது. அடுத்த மன்னரை யார் தேர்ந்தெடுப்பது? மூத்த பிரபுக்கள் அடங்கிய அவையா, உயர்குடியினர் அனைவருமா? ஒவ்வோர் உயர்குடியாளரும் நேரில் வந்து தம் ஒப்புதலை வழங்கும் உரிமை வேண்டும் என்று வாதிட்டவர்களுள் சமோய்ஸ்கி முன்னின்றார். அவ்வாதம் வென்றது. 1573 இல் வார்சா நகருக்கு அருகே பல்லாயிரம் பேர் திரண்டு, பிரெஞ்சு இளவரசர் ஹென்றியைத் தேர்ந்தெடுத்தனர்.

தம் தமையன் இறந்ததும் பிரெஞ்சு அரியணையை விரும்பிய ஹென்றி, 1574 இல் ஓரிரவு எவரிடமும் சொல்லாமல் போலந்தை விட்டு ஓடினார். மீண்டும் தேர்தல் நடந்தது. பிரபுக்களுள் பலர் ஆஸ்திரியப் பேரரசரை நாடினர். சமோய்ஸ்கியும் சிறுநிலை உயர்குடியினரும் மறைந்த மன்னரின் தங்கை அன்னாவையும், அவருக்குக் கணவராகத் திரான்சில்வேனியாவின் தலைவர் ஸ்டீபன் பாத்தோரியையும் முன்மொழிந்தனர். 1576 இல் பாத்தோரி முடிசூடினார். சமோய்ஸ்கி துணை அமைச்சரானார். 1578 இல் நாட்டின் முத்திரையைத் தாங்கும் தலைமை அமைச்சராக உயர்ந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் நடந்த அவருடைய திருமண விழாவில்தான் கவிஞர் யான் கொகனோவ்ஸ்கியின் புகழ்பெற்ற துன்பியல் நாடகம் மன்னர் முன்னிலையில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. போலந்து மொழி நாடக வரலாற்றில் அது ஒரு திருப்பமாகும்.

பிஸ்கோவ் முற்றுகை

மாஸ்கோவின் மன்னர் நான்காம் இவானுக்கும் போலந்துக்கும் லிவோனியா நாட்டின் பொருட்டு நெடும்போர் நடந்து வந்தது. 1579 இல் பொலோத்ஸ்க் கோட்டையும் 1580 இல் வெலீக்கியே லூக்கி கோட்டையும் வீழ்ந்தன. 1581 ஆகஸ்டில் பாத்தோரி தம் அமைச்சருக்குப் பெரும் படைத்தலைவர் பதவியையும் வழங்கினார். முத்திரையும் படைக்கோலும் ஒருவர் கையில் ஒருங்கே சேர்ந்தன. நூல் கற்றவருக்குப் படை நடத்தத் தெரியுமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதற்கு விடை பிஸ்கோவ் மதில்களின் முன்னே கிடைத்தது.

பிஸ்கோவ் வலிமை மிக்க நகரம். செப்டம்பரில் நடந்த பெருந்தாக்குதல் தோல்வியுற்றது. வெடிமருந்து குறைந்தது, குளிர்காலம் நெருங்கியது. டிசம்பர்த் தொடக்கத்தில் புதிய படையும் பொருளும் திரட்டுவதற்காக மன்னர் தாயகம் திரும்பினார். பனி மூடிய நிலத்தில், ஊதியம் கிடைக்காத வீரர்களோடு, சமோய்ஸ்கி தனித்து நின்றார்.

மதில்களைத் தகர்க்கும் வலிமை தம்மிடம் இல்லை என்பதை அவர் நன்கறிவார். எனினும், படை கலைந்துவிட்டால் சமாதானப் பேச்சில் தம் பக்கம் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது என்பதையும் அறிவார். ஆகவே, கடுமையான ஒழுங்கை நிலைநாட்டினார். கட்டளை மீறியவரை, குலம் பாராது தண்டித்தார். வீரர்களும் பிரபுக்களும் அவரை வெறுத்தனர். எனினும் படை கலையவில்லை. 1582 ஜனவரியில், போப்பாண்டவரின் தூதர் அந்தோனியோ பொஸ்ஸெவினோ நடுநிற்க, யாம் சபோல்ஸ்கி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிஸ்கோவ் இறுதிவரை வீழவில்லை. ஆனால் லிவோனியாவின்மீது கொண்டிருந்த உரிமையை இவான் விட்டுக்கொடுத்தார். கைப்பற்ற முடியாத நகரின்முன் பொறுமையோடு காத்திருந்தே வெற்றி ஈட்டிய நிகழ்ச்சி இது.

சட்டமும் பகையும்

நாடு கடத்தப்பட்டிருந்த சாமுவேல் சுபரோவ்ஸ்கி என்னும் பிரபு, தண்டனையை மதியாது நாட்டிற்குள் நடமாடினார். 1584 இல் சமோய்ஸ்கி அவரைச் சிறைப்பிடித்து, கிராக்கோவில் மரண தண்டனையை நிறைவேற்றினார். சட்டத்தின்முன் பிரபுவும் பணிய வேண்டும் என்றனர் ஒரு சாரார். அமைச்சர் தம் பகையைத் தீர்த்துக்கொண்டார் என்றனர் மறுசாரார். வரலாற்றறிஞரிடையே இவ்வழக்கு இன்றும் முடியவில்லை. ஒருவரே முத்திரையும் வாளும் ஏந்தி நிற்கும்போது, நீதி எது, பகை எது என்று பிரித்தறிவது அரிதாகிவிடுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

1586 இறுதியில் பாத்தோரி மறைந்தார். சமோய்ஸ்கி சுவீடன் இளவரசர் சிகிஸ்மண்டை ஆதரித்தார். சுபரோவ்ஸ்கி குடும்பத்தார் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனைத் தேர்ந்தெடுத்தனர். கிராக்கோவை முற்றுகையிட்ட மாக்சிமிலியனைச் சமோய்ஸ்கி விரட்டினார்; எல்லை கடந்து பின்தொடர்ந்து, 1588 ஜனவரி 24 ஆம் நாள் பிச்சினா என்னுமிடத்தில் முறியடித்துச் சிறைப்பிடித்தார். பேரரசரின் உடன்பிறந்தாரே கைதியானார். 1589 இல் உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே அவர் விடுதலை பெற்றார்.

சமோய்ஸ்கி அரியணை ஏற்றிய மூன்றாம் சிகிஸ்மண்டு விரைவிலேயே அவரோடு முரண்பட்டார். மன்னர் ஆஸ்திரிய அரச குடும்பத்தோடு இரகசியமாகப் பேச்சு நடத்தியது 1592 இல் நாட்டவையில் விசாரிக்கப்பட்டது. குற்றம் சாட்டியவர்களின் முன்னணியில் நின்றவர் சமோய்ஸ்கியே. படை முழுவதும் தம் கையில் இருந்தும் அவர் மன்னரை எதிர்த்து வாள் உருவவில்லை. 1595 இலும் 1600 இலும் தெற்கே மொல்தாவிய, வலாக்கிய நிலங்களில் படை நடத்தினார். அறுபது வயதை நெருங்கியபோது, 1601 இலும் 1602 இலும், லிவோனியாவில் சுவீடன் நாட்டினர் கைப்பற்றிய கோட்டைகளை மீட்டார். 1605 ஆம் ஆண்டின் நாட்டவையில் மன்னரின் குறைகளை நேருக்கு நேர் எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஜூன் 3 ஆம் நாள் உயிர் நீத்தார். மறு ஆண்டே நாட்டில் மன்னருக்கு எதிரான பெருங்கிளர்ச்சி மூண்டது.

சமோஷ்ச் நகரும் கல்விக்கழகமும்

இனி அவருடைய நிலைத்த பணியைக் காண்போம். 1580 இல், தாம் பிறந்த ஊருக்கு அருகே சமோஷ்ச் என்னும் புதிய நகரை நிறுவினார். இத்தாலியக் கட்டடக் கலைஞர் பெர்னார்தோ மொராந்தோ அந்நகருக்குத் திட்டம் வகுத்தார். நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் கொண்ட நடுச்சந்தைத் திடல், நேரான தெருக்கள், தூண்வரிசை அமைந்த வீடுகள், அரண்மனை, கோயில், சுற்றிலும் கோட்டை மதில் ஆகிய அனைத்தும் ஒரே திட்டத்தில் அமைந்தன. கருங்கடல் பகுதியை வடக்கு, மேற்கு ஐரோப்பாவோடு இணைத்த வாணிகப் பாதையில் அந்நகர் இருந்தது. 1585 இல் ஆர்மீனியருக்கும், 1588 இல் யூதருக்கும், 1589 இல் கிரேக்கருக்கும் அங்குக் குடியேறும் உரிமைப் பட்டயங்களை வழங்கினார். பல மொழியினரும் பல சமயத்தாரும் ஒரே சந்தைத் திடலில் வாணிகம் செய்தனர்.

அந்நகரின் உயிர்நாடியாக ஒரு கல்விக்கழகத்தை அவர் எண்ணினார். 1594 இல் போப்பாண்டவர் எட்டாம் கிளமெண்டு ஒப்புதல் அளிக்க, 1595 மார்ச்சில் சமோஷ்ச் கல்விக்கழகம் திறக்கப்பட்டது. கவிஞர் ஷிமோன் ஷிமோனோவித்ஸ் அதனை அமைப்பதில் துணைபுரிந்தார். அதற்கென அச்சகமும் ஏற்பட்டது. கிராக்கோவ், வில்னியூஸ் ஆகியவற்றை அடுத்து நாட்டில் எழுந்த மூன்றாம் உயர்கல்வி நிலையம் இது. சமயக் குருமாரை உருவாக்குவதைவிட, சட்டமறிந்து அவையில் பேசவும் நாட்டுக்கு உழைக்கவும் வல்ல குடிமக்களை உருவாக்குவதே அதன் முதல் நோக்கமாயிருந்தது. இளைஞரை வளர்க்கும் முறையைப் பொறுத்தே நாட்டின் எதிர்காலம் அமையும் என்னும் கருத்தை 1600 ஆம் ஆண்டின் சாசனத்தில் அவர் பதித்துவைத்தார். பதுவாவில் தாம் பெற்றதைத் தம் மண்ணிலே நட்டுவைத்தார் எனலாம்.

குறைகளும் மதிப்பீடும்

புகழுரை மட்டுமே வரலாறு ஆகாது. சமோய்ஸ்கி போற்றிய உரிமை, மக்கட்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரான உயர்குடியினருக்கே உரியதாயிருந்தது. நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவர்கள் அதில் பங்கு பெறவில்லை. இளமையில் பெரும்பிரபுக்களை எதிர்த்தவர், இறக்கும்போது பதினொரு நகரங்களுக்கும் இருநூறுக்கு மேற்பட்ட சிற்றூர்களுக்கும் உரியவராய்த் தாமே பெரும்பிரபுவாகியிருந்தார். அவர் முன்னின்று பெற்றுத்தந்த மன்னர் தேர்தல் முறை, பிற்காலத்தில் அயல் வல்லரசுகள் நுழைவதற்கு வாயிலாயிற்று. 1791 ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் அம்முறையைக் கைவிட்டது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1795 இல் போலந்து அயலாரால் முற்றிலும் பங்கிடப்பட்டு, நாட்டுப் படத்திலிருந்தே மறைந்தது. பிஸ்கோவின் பனியில் காத்துப் பெற்ற லிவோனியாவின் பெரும்பகுதியும் அவர் மறைந்த கால்நூற்றாண்டுக்குள் சுவீடன் வசமாயிற்று.

முடிவுரை

சமோஷ்ச் நகரோ வீழவில்லை. 1648 இல் கொசாக்குப் படையும் 1656 இல் சுவீடன் படையும் முற்றுகையிட்டபோது அது தாங்கி நின்றது. கல்விக்கழகம் 1784 இல் ஆஸ்திரிய ஆட்சியினரால் மூடப்பட்டது. ஆயினும் அதன் நினைவு மறையவில்லை. 1992 இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு சமோஷ்ச் பழைய நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2021 இல் அந்நகரின் அரசு உயர்கல்வி நிலையம் சமோஷ்ச் கல்விக்கழகம் என்னும் பழம்பெயரையே மீண்டும் சூடிக்கொண்டது.

ஆவணச் சாலையில் ஏடு புரட்டிய இளைஞர், பேரரசரின் உடன்பிறந்தாரையே சிறைப்பிடித்த படைத்தலைவராக உயர்ந்தார். அந்த வெற்றிகளை இன்று நூல்களில் தேடித்தான் காண வேண்டும். அவர் நிறுவிய பள்ளியின் பெயரையோ, சமோஷ்ச் நகர மாணவர் நாள்தோறும் வாயிலில் கண்டு உள்ளே நுழைகின்றனர்.