ஆளைப் பிரிந்த இயந்திரம்: தமிழகமும் மெயின்ஃப்ரேம் நிர்வாகமும், 1973–2025

திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடமாநிலம் ஒன்றில் ஆழ்துளைக் கிணறு போடப் புறப்பட்டால் டிரைவரும் டிரில்லரும் கூலியாட்களும் அதனுடனேயே புறப்படுகிறார்கள். இயந்திரம் எங்கேயோ, அதைக் கையாளும் ஆளும் அங்கேதான். நாமக்கல் பாடி பட்டறைகளிலும் இதுவே விதி: சேஸிஸ் வந்து வாசலில் நின்ற பிறகுதான் வேலை தொடங்கும். சேலம், நாமக்கல் சமவெளியின் இயந்திர அறிவு முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் வளர்ந்தது. இதே சமவெளியின் கல்லூரிகளில் படித்தவர்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போய், தாங்கள் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் அமர்ந்தார்கள். அமெரிக்க வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நடத்தும் மெயின்ஃப்ரேம் கணினிகளே அவை. இந்த மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: குறைந்த சம்பளம், 2000ஆம் ஆண்டுச் சிக்கல். அந்த வாய்ப்பை யார் பிடித்துக்கொண்டார்கள் என்பதை இவை விளக்கும். வாய்ப்பு எப்படிப் பிறந்தது என்பதை விளக்கா. அதை உண்டாக்கியது வன்பொருளே என்பதும், 1985க்கும் 1995க்கும் இடையில் வந்த புதிய இயந்திரங்கள் பராமரிப்பவரை இயந்திர அறையிலிருந்து படிப்படியாக வெளியேற்றின என்பதும், இயந்திரத்தைச் செய்தவர் அருகில் இல்லாமலே அதை ஓட்டப் பழகும் கட்டாயம் இந்தியாவுக்கு அதற்கு முன்பே வாய்த்திருந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வேலை என்னவென்று பார்க்க வேண்டும். மெயின்ஃப்ரேம் நிர்வாகம் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு தொழில்கள் இருந்தன. ஆப்பரேட்டர் கன்சோலில் வரும் செய்திகளுக்குப் பதில் தட்டுவார், டேப்பை ஏற்றி இறக்குவார், அட்டைக் கட்டைச் செருகுவார், இயந்திரம் நின்றுபோனால் ஐபிஎல் எனும் தொடக்க நிரலேற்றம் செய்து மீண்டும் எழுப்புவார். சிஸ்டம் புரோகிராமர் இயக்க முறைமையை அந்த இடத்து வட்டுகள், அச்சுப்பொறிகள், முனையங்களுக்கு ஏற்பக் கட்டியமைப்பார், திருத்தங்களைச் சேர்ப்பார், யாருக்கு எந்த அனுமதி என்று வகுப்பார். நாமக்கல் மொழியில் சொன்னால் கம்பெனி அனுப்புவது சேஸிஸ்; பாடி கட்டுபவர் சிஸ்டம் புரோகிராமர். 1960களில் இந்த இருவருக்கும் குளிரூட்டிய அறையை விட்டு நகர வழியில்லை. ரயில்வே மண்டலத் தலைமையகங்களுக்கு வந்த ஐபிஎம் 1401இன் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துகள். நிமிடத்துக்கு 800 அட்டைகளை விழுங்கி 600 வரிகளை அச்சிட்டுத் தள்ளும். அந்த அட்டைகளை அடுக்கவும் தாளை மாற்றவும் கை வேண்டும். வட்டாரத்து மக்கள் கணினியைக் கண்டதெல்லாம் தலைநகரிலிருந்து வந்த அகலமான அச்சுத்தாளாகத்தான்.

சென்னை ஐஐடிக்கு 1973இல் மேற்கு ஜெர்மனியின் உதவியாக ஐபிஎம் 370/155 வந்தபோது அது நாட்டின் மிகப் பெரிய கணினிகளுள் ஒன்றாக இருந்தது. கான்பூர் ஐஐடியிலிருந்து வந்த பேராசிரியர் எச்.என். மஹாபலா கணினி மையத்தையும் கணினிக் கல்வியையும் வளர்த்தார். இந்த வரவைச் சாதனையாக எழுதுவது வழக்கம். சாதனைதான், ஆனால் தேதிகளை அருகருகே வைத்தால் வேறொன்றும் தெரிகிறது. 155ஐ ஐபிஎம் அறிவித்தது 1970 ஜூனில். காந்த வளைய நினைவகம், கூடினால் 2 மெகாபைட்; மெய்நிகர் நினைவக வசதி இல்லை. அந்த வசதியோடும் குறைக்கடத்தி நினைவகத்தோடும் அதன் வாரிசான 158, 1972 ஆகஸ்டிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. சென்னைக்கு வந்த அன்றே இயந்திரம் ஒரு தலைமுறை பின்தங்கியிருந்தது. 1401 கதை இன்னும் கசப்பானது: வெளிநாட்டில் ஓடி ஓய்ந்த இயந்திரங்களைப் புதுப்பித்து இங்கே வாடகைக்கு விட்டதற்காக ஐபிஎம் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் கண்டனத்துக்கு ஆளானது. பழைய இயந்திரத்தை அதன் காலம் கடந்தும் ஓட்டுவது என்பது இங்கே விதிவிலக்காக இல்லாமல் நடைமுறையாக இருந்தது. இறக்குமதி உரிமமும் அந்நியச் செலாவணியும் இல்லாமல் உதிரி பாகம் வராத காலத்தில் வேறு வழியும் இல்லை.

1978 இந்தப் பழக்கத்தைத் தேசிய ஏற்பாடாகவே ஆக்கியது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க மறுத்த ஐபிஎம் அந்த ஆண்டு இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற சுமார் 800 நிறுவல்களின் பராமரிப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. ஐபிஎம் பொறியாளர்கள் பலர் அதில் சேர்ந்தனர். உலகில் பிற இடங்களில் வாடிக்கையாளர் தொலைபேசியை எடுத்தால் ஐபிஎம் ஆள் கருவிப்பெட்டியோடு வந்து நிற்பார். இங்கே அப்படி வர யாருமில்லை. எதற்கெல்லாம் செய்தவரை நம்பியிருந்தார்களோ அதையெல்லாம் கையேட்டைப் பிரித்துவைத்துத் தாங்களே செய்ய வேண்டியதாயிற்று. ஒரே பொறியாளர் ஐபிஎம்மின் இயந்திரத்தையும் வேறொரு கம்பெனியின் இயந்திரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலையும் வந்தது. பராமரிப்பு அறிவு தயாரிப்பாளரிடமிருந்து பிரிந்தது என்பதுதான் இதன் வரலாற்றுப் பொருள். அந்த வெளியேற்றத்தை வெற்றி என்பாரும் தோல்வி என்பாரும் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வழக்கு இங்கே தேவையில்லை. அதன் பக்கவிளைவே நமக்கு வேண்டியது.

அடுத்த பத்தாண்டில் மேற்கில் இயந்திரமே மாறத் தொடங்கியது. 1985இல் வந்த ஐபிஎம் 3090 தண்ணீர்க் குழாய்களால் குளிர்விக்கப்பட்ட பெரும் உருப்படி. அதைச் சுற்றி ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். பிறகு ஒவ்வொரு வேலையாக அறையை விட்டு நகர்ந்தது. 1986இல் வந்த நெட்வியூ, கன்சோல் செய்திகளைப் படித்துத் தானே பதில் தரும் வழியைத் திறந்தது. 1987இல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனத்தின் 4400 வந்தது: பன்னிருகோணக் குதிர் போன்ற கூண்டுக்குள் ஆயிரக்கணக்கான டேப் பெட்டிகள், நடுவில் அவற்றை எடுத்து மாட்டும் இயந்திரக் கை. இரவு ஷிப்டில் டேப்புக்காக ஓடிக்கொண்டிருந்த ஆளின் வேலை அன்றோடு போனது. 1988இல் ஒரே பொறியைப் பல தருக்கப் பகுதிகளாகப் பிரிக்கும் வசதி 3090 வரிசைக்கு வந்தது. சோதனைக்கென்று தனி இயந்திரமும், அது காலியாகும் ஞாயிறு இரவுக்காகக் காத்திருப்பதும் தேவையற்றுப் போயின. 1990இல் எஸ்கான் ஒளியிழை இணைப்பு வட்டுகளையும் அச்சுப்பொறிகளையும் செப்புக் கம்பியின் குறுகிய எல்லையிலிருந்து விடுவித்து, சில கிலோமீட்டர் தூரம் தள்ளிவைக்க விட்டது. 1994இல் வந்த 9672 சீமாஸ் சில்லுகளில் ஓடியது. தண்ணீர்க் குழாய் போயிற்று, ஓர் அலமாரி அளவு பெட்டியும் சாதாரணக் குளிர்காற்றுமே போதுமாயிற்று. தொடக்கத்தில் அதன் வேகம் பழைய பெருந்தலைகளுக்கு ஈடாகவில்லை, 1998இல்தான் எட்டிப் பிடித்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. நிர்வாக வரலாற்றில் வேகத்தைவிட முக்கியமானது அதனுடன் வந்த வன்பொருள் மேலாண்மைக் கன்சோல். அது ஒரு சாதாரண மேசைக் கணினி. இயந்திரத்தை எழுப்புவதும் நிறுத்துவதும் பகுதி பிரிப்பதும் அதன் திரையில் நடந்தன. திரையில் நடப்பது கம்பி வழியே எத்தனை தூரமும் போகும்.

இங்கே முதல் மறுப்பு வரும். சம்பள வித்தியாசம் இல்லாவிட்டால் எந்தக் கன்சோலும் சென்னைக்கு வந்திருக்காது என்பார்கள். உண்மை, ஆனால் அந்த வித்தியாசம் 1975இலும் இருந்தது, அப்போது வேலை வரவில்லை. மாறாத ஒன்று மாற்றத்தைத் தனியே விளக்க முடியாது. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கோடக் நிறுவனம் 1989இல் தன் கணினி மையங்களை நடத்தும் பொறுப்பை ஐபிஎம்மிடமே ஒப்படைத்தது. ஆளும் இயந்திரமும் பிரிவது அமெரிக்காவுக்குள்ளேயே தொடங்கிவிட்டது, இந்தியாவின் 1978க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கோடக் ஒப்பந்தம் என் வாதத்துக்கு எதிரான சான்றாக எனக்குத் தோன்றவில்லை. வன்பொருள் பிரிவினையைச் சாத்தியமாக்கிவிட்டது என்பதையே அது காட்டுகிறது. வேலையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த நடைமுறை தந்து, வெளியார் கையில் கொடுக்கலாம் என்று தெரிந்த பிறகுதான், அந்த வெளியார் எங்கிருக்கிறார் என்ற கேள்வியே எழும். புவியியல் மீதியைச் செய்தது. நியூயார்க்கில் குளிர்கால இரவு எட்டு மணி என்றால் இங்கே காலை ஆறரை. அவர்களுடைய இரவு முழுதும் ஓடும் தொகுதிப் பணிகள் நமது பகல் வெளிச்சத்தில் முடிந்துவிடும்.

மூன்றாவது மறுப்புக்கு நான் பாதி இடம் கொடுத்தே ஆக வேண்டும். 1978இன் சிஎம்சி பொறியாளர்கள் சில நூறு பேர். 2000ஆம் ஆண்டுச் சிக்கலைத் திருத்தக் குவிந்தவர்கள் பல்லாயிரம். பின்னவரில் பெரும்பாலோர் மூன்று மாதப் பயிற்சியில் கோபால் மொழி கற்றவர்கள். முன்னவருக்கும் இவர்களுக்கும் நேரடி வம்சத் தொடர்ச்சி இல்லை. ஆனால் தொடர்ச்சி ஆள்வழி மட்டுமே வர வேண்டுமென்பதில்லை. அது நிறுவனங்கள் வழியே வந்தது. சென்னை ஐஐடியில் 370/155 ஓடிய காலத்தில் 1979இல் எம்.டெக். முடித்த எஸ். கோபாலகிருஷ்ணன் இரண்டு ஆண்டுகளில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரானார். 1980களின் இறுதியில் டிசிஎஸ் சென்னையில் ஒரு 3090ஐயே நிறுவியது: வெளிநாட்டு வாடிக்கையாளர் வைத்திருக்கும் இயந்திரத்தின் உடன்பிறப்பை இங்கே வைத்துக்கொண்டால் ஆளை விமானத்தில் அனுப்பாமலே வேலையை முடிக்கலாம். 1994இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் உள்நிறுவனமாகச் சென்னையில் தொடங்கியதே பிற்பாடு காக்னிசண்ட் ஆனது. நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்து அவ்வூர் அரசுப் பள்ளியில் படித்த என். சந்திரசேகரன் 1987இல், அதாவது ரோபோ டேப்பைத் தூக்கத் தொடங்கிய ஆண்டில், டிசிஎஸ்ஸில் சேர்ந்தார். 2009இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி, 2017இல் டாடா சன்ஸ் தலைவர். ஒருவர் வாழ்க்கை ஒரு வட்டாரத்துக்குச் சான்றாகாது என்பது தெரியும். ஆயினும் அந்த ஆண்டில் வாசல் திறந்திருந்தது என்பதற்கு அது போதும்.

சமவெளிக்கே திரும்பினால் ஒரு முரண் கண்ணில் படுகிறது. மெயின்ஃப்ரேம் தொழிலுக்கு ஆட்களைத் தந்த இந்த ஊர்களின் சொந்த வங்கிக் கிளைகள் மெயின்ஃப்ரேம் யுகத்தை ஏறக்குறைய தாண்டிக் குதித்துவிட்டன. 1984இல் ரிசர்வ் வங்கியின் ரங்கராஜன் குழு பரிந்துரைத்த இயந்திரமயமாக்கல் கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷினாக வந்தது. அதன் பின் 2000களில் கோர் பேங்கிங் வந்தபோது ஸ்டேட் பேங்க் முதலிய பலவும் யூனிக்ஸ் சர்வர்களைத் தேர்ந்தன. ராசிபுரத்து விவசாயியின் நகைக்கடன் யூனிக்ஸில். அவர் மகள் பார்ப்பது ஓஹையோவில் யாரோ ஒருவருடைய அடமானக் கடன் ஓடும் மெயின்ஃப்ரேமை. தொழில் நுட்பம் ஒன்று ஊருக்கு வராமலே அதன் பராமரிப்பு மட்டும் வேலையாக வந்து சேர்ந்தது. இதனால்தான் இந்தத் தொழிலைச் சுற்றி இங்கே பட்டறை எதுவும் முளைக்கவில்லை. லாரியைச் சுற்றி லேத், பெயிண்ட், குஷன், ஸ்பிரிங் பிளேட் என்று ஒரு தெருவே எழுந்தது. மெயின்ஃப்ரேமைச் சுற்றி எழுந்தவை பயிற்சி மையங்களும் விடுதிகளும்தான், அவையும் பெரும்பாலும் சென்னையில்.

புதிய வன்பொருள் இந்த ஏற்பாட்டையும் விட்டுவைக்கப் போவதில்லை. 2022இல் வந்த ஐபிஎம் இசட்16இன் டெலம் சில்லிலேயே செயற்கை நுண்ணறிவுக்கான பகுதி பதிந்திருக்கிறது. பணம் கைமாறும் அந்தக் கணத்திலேயே மோசடியைக் கணிப்பது அதன் நோக்கம். 2025 ஜூனில் சந்தைக்கு வந்த இசட்17, 5.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் டெலம் 2 சில்லோடு, நிர்வாகிக்கு ஆலோசனை சொல்லும் மென்பொருளுக்கும் இடம் தருகிறது. 1987இல் இயந்திரக் கை அறையிலிருந்த ஆளை அனுப்பிவைத்தது. இப்போது சென்னையிலிருக்கும் ஆளின் பாதி வேலை பெட்டிக்குள்ளேயே திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது. எஞ்சுவது பழைய நிரலின் வயதும், அதை அறிந்தவர் குறைவதும். 1964இன் சிஸ்டம்/360க்கு எழுதிய நிரல் பெரும்பாலும் இன்றைய இயந்திரத்திலும் ஓடும் என்பதே இந்தக் குடும்பத்தின் பெருமை. அதன் சுமையும் அதுவே. சிஸ்டம்/370 வரிசையோடு, சென்னைக்கு வந்த 155 உட்பட, ஒரு 64 பிட் கடிகாரம் வந்தது. 1900 ஜனவரி 1இலிருந்து காலத்தை எண்ணும் அதன் இடம் 2042 செப்டம்பர் 17 இரவு, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்னால் நிரம்பிவிடும். பின்னால் வந்த இயந்திரங்களில் நீட்டித்த வடிவம் இருக்கிறது. ஆனால் பழைய எட்டு பைட் மதிப்பையே படிக்கும் நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற வேண்டும். அந்தக் கணம் இந்தியாவில் 18ஆம் தேதி, வியாழக்கிழமை, அதிகாலை ஐந்தரைக்குச் சற்று முன்.